மரமேறிய பூமாவை யார் எண்ணுவது?

2024 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், பூமா என்னும் பெரிய பூனையின விலங்கை வேட்டையாடுவதைத் தடை செய்யலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது. சுமார் 55 விழுக்காட்டினர் தடைக்கு எதிராக வாக்களித்ததால் வேட்டை தொடர்கிறது. அந்தச் செய்தியைப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சுடுகிறவர்களே 'இந்த விலங்கைக் காப்பது நாங்கள்தான்' என்கிறார்களே, அது எப்படிச் சரியாகும்?"

வேட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி அல்ல. மலைச்சிங்கம் என்று அங்கே அழைக்கப்படும் பூமா, ஏறத்தாழ வாரம் ஒரு மானைத் தின்னும். அதைக் குறைத்தால் மான் பெருகும் என்பது மான் வேட்டைக்காரரின் நம்பிக்கை. நாய்களை வைத்து பூமா வேட்டையாடுவோர் வேறு மாதிரி. பனியில் தடம் பிடித்து, நாய்களை அவிழ்த்துவிட்டு, பூமாவை மரத்தில் ஏற்றுவதுதான் அவர்களுக்கு வேட்டை. பலர் படம் எடுத்துக்கொண்டு அதைச் சுடாமலே திரும்புகிறார்கள். அடுத்த குளிர்காலத்திலும் காட்டில் பூமா வேண்டும் என்பதால், பெண் பூமாவைச் சுட வரம்பு கேட்பவர்களும் இவர்களில்தான் அதிகம். மான் கணக்கு வெறும் நம்பிக்கை என்பதே என் கருத்து. ஐடஹோ மாநிலத்தின் தென்கிழக்கில் பூமாவையும் கோயோட்டி நரியையும் ஆண்டுக்கணக்கில் குறைத்துப் பார்த்தார்கள். மான் கூட்டம் சொல்லிக்கொள்ளும்படி பெருகவில்லை. அங்கே மானின் விதியைப் பெரிதும் தீர்மானிப்பது குளிர்காலம்.

எத்தனை பூமாக்கள் உள்ளன என்று தெரியாமல் இதில் எந்த வாதமும் நிற்காது. புலியைத் தானியங்கிக் கேமராவில் படம் பிடித்து, வரிகளை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பூமாவுக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. குட்டிப் பருவத்துப் புள்ளிகளும் வளர வளர மறைந்துவிடும். அதனால் உயிரோடு இருப்பவற்றை எண்ணுவதற்குப் பதில், செத்தவை எந்த வரிசையில் விழுகின்றன என்று பார்க்கும் ஒரு வழி வந்தது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

வயோமிங் மாநிலத்தின் ஸ்னோவி மலைத்தொடரில் ஆய்வாளர்கள் சார்லஸ் ஆண்டர்சனும் ஃப்ரெட் லிண்ட்ஸியும் வேட்டையை வேண்டுமென்றே சில ஆண்டுகள் கூட்டி, பிறகு குறைத்து ஆராய்ந்தார்கள். 2005இல் வெளியான முடிவின் சாரம் இது: அதிகம் நடக்கும் பூமா முதலில் சாகும். வேட்டைக்காரர் சாலையோரப் பனியில்தான் தடம் தேடுகிறார். தாயைப் பிரிந்து இடம் தேடி அலையும் இளசுகள் அடிக்கடி சாலையைக் கடப்பதால் முதலில் மாட்டுகின்றன. அடுத்த நிலையில், பெரிய எல்லையைச் சுற்றிவரும் வளர்ந்த ஆண்கள். சிறு பரப்பில், குட்டிகளை ஒட்டியே நடமாடும் வளர்ந்த பெண்கள் கடைசி. ஆகவே சுடப்பட்டவற்றில் இளசுகள் மிகுந்திருந்தால் காட்டில் கூட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆண்கள் மிகுந்தால் வேட்டை கடுமையாகிறது. வளர்ந்த பெண்களின் பங்கு கால்வாசியை எட்டினால் கூட்டம் தேய்கிறது. ஒரு பூமாவைக்கூட நேரில் எண்ணாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது!

இதற்கு ஒவ்வொரு உடலின் பாலினமும் வயதும் துல்லியமாகத் தெரிய வேண்டும். கொலராடோவில் சுட்ட 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லி, 5 நாளுக்குள் தோலையும் மண்டையோட்டையும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் சிறிய முன்கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவார். பல்லின் வேரைச் சுற்றி ஆண்டுதோறும் படியும் சிமெண்டம் அடுக்குகளை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணினால் வயது தெரியும். உடல் உறைந்து வாய் இறுகிவிட்டால் பல் வராது. சுட்டவுடன் வாயில் ஒரு குச்சியை நிறுத்திவைக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்று சுடும் முன்பே பார்க்க வேண்டும். மரத்திலிருக்கும் பூமாவின் பின்பக்கம் போய் பைனாகுலரில் நோக்கினால், ஆணுக்கு ஆசனவாயிலிருந்து 4, 5 அங்குலம் கீழே ஓர் அங்குல அகலத்தில் கருவட்டம் இருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது. இதைக் கற்றுத் தேர்வில் தேறினால்தான் உரிமம். குட்டிகளோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் குட்டிகளை இரையருகே விட்டுவிட்டுத் தனியே நடக்கும் தாயின் தடத்தில் குட்டிக்கால் தெரியாது. இந்த முறையின் மிகக் கொடிய ஓட்டை இது.

வேறு ஓட்டைகளும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் வடகிழக்கில், கடுமையாக வேட்டையாடிய பகுதியில் பெண்கள் குறைந்துகொண்டே போக, வெளியிலிருந்து இளம் ஆண்கள் வந்து காலியிடத்தை நிரப்பின. தலைக்கணக்கு மட்டும் நிலையாகத் தெரிந்தது. ஆண்டுக்கு ஐந்தே பூமா சுடும் பகுதியில் ஒரு பெண் கூடினாலே பங்கு 20 விழுக்காடு மாறும். பல ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதே வாஷிங்டன் 1996இல் நாய்களைத் தடை செய்ததும் நேர்மாறான விளைவு வந்தது. தடையை ஈடுகட்ட வேட்டைக் காலத்தை நீட்டி, உரிமத்தை மலிவாக்கினார்கள். மான் தேடிப் போனவர், எதிர்ப்பட்ட பூமாவை ஆணா பெண்ணா என்று பாராமல் சுட்டார். பெண்களின் பங்கு ஏறியது. நாய் வேட்டை கொடுமை என்பவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, வாசகரின் கேள்விக்கு என் பதில்: பெண்களின் பங்கைப் பார்த்து, சுட அனுமதிக்கும் எண்ணிக்கையைக் குறைக்கும் இடத்தில் மட்டும் வேட்டைக்காரர் சொல்வது சரி. பணத்திலும் அவர்களுக்கு நியாயம் உண்டு. 1937ஆம் ஆண்டு பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் 10, 11 விழுக்காடு வரியும் உரிமக் கட்டணமும்தான் மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குப் பெரும் வரவு. தடை கேட்பவர்கள் ஆராய்ச்சிக்கான பணத்துக்கும் வழி சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். மொன்டானாவில் பூமாக்களை மரமேற்றி, ஊசி அம்பால் துளி திசுவை மட்டும் எடுத்து, மரபணுவால் எண்ணுகிறார்கள். விலங்கு உயிரோடு இறங்கிப் போகிறது. அதற்கும் தடம் பிடிக்கத் தெரிந்த நாய்களும் அவற்றை வளர்த்தவர்களும் வேண்டும். அவர்களுக்குக் கூலியும் வேண்டும்.