கயாக்கில் மீன் பிடிக்கப் போகுமுன் விழப் பழகுங்கள்

மட்டக்களப்பு வாவியில் இப்போது தோணிகளுக்கு நடுவே மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகுகளும் தெரியத் தொடங்கிவிட்டன. கயாக் ஓட்டப் பழக்குவது என் தொழில். பழக வருகிற இளைஞர்களில் பலர் மீன்பிடியை நினைத்துத்தான் வருகிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணன், கொடுவா பிடிக்க எந்தத் தடி நல்லம்?" கேட்பதில் பிழையில்லை. ஆனால் முதல் சில நாட்களுக்குத் தடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வெறுமனே கயாக் ஓட்டுகிறவரின் கண் தண்ணீரிலும் கரையிலும் இருக்கும், கை துடுப்பில் இருக்கும். மீன் பிடிக்கிறவருக்கு அப்படியில்லை. துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து இரை கொளுவுகிறார். தங்கூசி (தூண்டில் நூல்) சிக்கினால் அதைப் பிரிக்கவே கால் மணித்தியாலம் போய்விடும். அவ்வளவு நேரமும் கயாக் நின்ற இடத்தில் நிற்காது, காற்று தள்ளும் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்கிருந்து புறப்பட்டோம் என்று கரையைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய மீன் ஒன்று இழுத்தாலோ உடம்பு முழுவதும் ஒரே பக்கம் சாயும். ஆகவே தொடக்கக்காரர் பழக வேண்டியவை இரண்டு: விழுந்தால் திரும்ப ஏறுவது, காற்றைக் கணக்கில் எடுப்பது. மீன் அதற்குப் பிறகு.

தொடக்கக்காரருக்கு மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்தான் ஏற்றது. அதன் தட்டில் உள்ள துளைகள் வழியாக ஏறின தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் நிறையாது. உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை கவிழ்ந்தால், நடு வாவியில் தனியாக நின்று தண்ணீரை இறைப்பது புதியவருக்கு ஆகிற காரியமல்ல.

விழப் பழகும்போது மணல் அடியுள்ள, நெஞ்சளவுத் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். பாசிக்குடாவின் ஆழமில்லாத குடா இதற்கு நல்ல இடம். வேண்டுமென்றே கவிழுங்கள். கவிழ்ந்த கயாக்கின் நடுப்பகுதிக்கு வந்து, மறுபக்க விளிம்பை எட்டிப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் அது நிமிர்ந்துவிடும். அப்புறம் இருக்கைக்கு நேரே வந்து, இரண்டு கையையும் குறுக்கே நீட்டிப் பிடித்து, கால்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதையுங்கள். எல்லோரும் பிழைவிடும் இடம் இதுதான். கால் கயாக்குக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு பலசாலியாலும் ஏற முடியாது. வயிறு கயாக்கின் மேல் வந்ததும் அவசரப்படாமல் புரண்டு இருக்கையில் உட்காருங்கள். கால்களைக் கடைசியாக உள்ளே எடுங்கள்.

இது களைத்துப்போன நிலையிலும் கைவர வேண்டும். ஒருமுறை ஏறிவிட்டால் பழகிவிட்டதாக நினைக்காதீர்கள்.

"வாவி ஆழமில்லைதானே, விழுந்தால் எழும்பி நிற்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். ஆழமில்லாத இடம் நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனால் பல இடங்களில் அடி வெறும் சேறு. காலை ஊன்றினால் முழங்கால்வரை இறங்கும், ஒரு காலை இழுக்க மற்றக் கால் இன்னும் இறங்கும். அப்படியான இடத்தில் நிற்க முயலாதீர்கள். மிதந்தபடியே கயாக்கைப் பிடியுங்கள்.

மிதப்பதற்கு உயிர்காப்பு அங்கி வேண்டும். "எனக்கு நல்லா நீந்தத் தெரியும் அண்ணன், இது என்னத்துக்கு?" என்று கேட்காத ஆள் குறைவு. தலையில் கயாக் அடித்தாலோ, கொளுக்கி கையில் ஏறினாலோ, வெயிலில் மயங்கினாலோ நீச்சல் உதவாது. அங்கியை இருக்கைக்குப் பின்னால் கட்டி வைப்பதிலும் பயனில்லை, கவிழ்ந்த பிறகு தண்ணீரில் வைத்து அதை அணிவது மிகக் கடினம். பட்டிகளை இறுக்கிய பின் ஒருவரைக் கொண்டு தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி நாடிவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவல்ல. சாரத்தோடும் ஜீன்ஸோடும் வராதீர்கள். நனைந்த சாரம் காலைச் சுற்றினால் நான் மேலே சொன்ன உதை வராது.

பயிற்சியில் ஒரு தம்பி கவிழ்ந்தபோது புதுத் தடியை விடாமல் ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஏறப் பார்த்தார். ஏற ஏற வழுக்கி விழுந்தார். தடியை விட்ட மறுநிமிடம் ஏறிவிட்டார். விலை கூடிய தடி என்றால் கைப்பிடியில் மிதவை கட்டுங்கள். எல்லாவற்றையும் நீளக் கயிற்றால் கயாக்கில் கட்டி வைப்பதும் ஆபத்து, கவிழும்போது அந்தக் கயிறுகளே கால்களைச் சிக்கவைக்கும். சிறிய கத்தி ஒன்று அங்கியின் முன்பக்கத்தில் இருக்கட்டும். பெட்டிக்குள் இருக்கிற கத்தி அந்த நேரம் கைக்கு எட்டாது.

இனி காற்று. நம் பக்கத்தில் வைகாசி, ஆனி பிறந்தால் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். கல்லடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் அந்த நாட்களில் கடல் தட்டையாக, ஆசை காட்டுவது போலக் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்தில் அலை எழ இடமில்லை. வெளியே போகப் போகத்தான் அலை வளரும். போகும்போது கயாக் தானாக ஓடுவது போல இருக்கும், திரும்பும்போதுதான் காற்றின் பலம் தெரியும். புதியவர் ஒருவர் மணிக்கு 4, 5 கிலோமீற்றர் ஓட்டினாலே பெரிது. காற்று கொஞ்சம் கூடினால் முழுப்பலத்தோடு ஓட்டியும் நின்ற இடத்திலேயே நிற்பார். களைத்தால் பின்னுக்குப் போவார். தொடக்கக்காரர் கச்சான் வீசும் நாளில் கடலில் இறங்கவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வாவிக்குள் இதே காற்றை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கச்சான் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைப் பக்கம் தள்ளும். நீங்கள் நகரப் பக்கத்தில் இறங்கினால் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போய்த் தூண்டில் போடுங்கள். களைக்கும்போது காற்றே வீட்டுப் பக்கம் கொண்டுவரும். மேற்குக் கரையில் வவுணதீவுப் பக்கம் இறங்குகிறவர்கள் கரையை ஒட்டியே நிற்க வேண்டும். தூண்டில் போடுமுன் கரையில் ஒரு தென்னையையும் அதற்கு நேர் பின்னால் தெரியும் ஒரு கோபுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். இரண்டும் விலகியிருந்தால் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள்.

56 கிலோமீற்றர் நீள வாவி எல்லா மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் நீர்மட்டம் ஏறும், முகத்துவாரத்தை அடைத்த மணல் வெட்டப்பட்டால் தண்ணீர் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கூட்டங்களும் அதோடு சேர்ந்து வரும். அந்தக் காலத்தில் முகத்துவாரத்தை அடுத்த பாலமீன்மடுப் பக்கம் கயாக்கோடு போகவே வேண்டாம். நங்கூரத்தை எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ கட்டுங்கள். இழுப்புள்ள தண்ணீரில் பக்கவாட்டில் கட்டினால் கயாக் குறுக்கே திரும்பிக் கவிழும். சட்டென்று கழற்றக்கூடிய முடிச்சாகவும் இருக்கட்டும்.

வாவியில் முதலை உண்டு. பொத்துவில் களப்பில் சுற்றுலாத் தோணி ஏறுகிறவர்கள் யானையையும் முதலையையும் பார்க்கத்தான் போகிறார்கள். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுவது, குடலை அங்கேயே கழுவி எறிவது, கண்டல் ஓரத்தில் பொழுதுபட்ட பிறகு நிற்பது, இவற்றைச் செய்யாதீர்கள். புதிய இடமென்றால் அங்கே தோணி விடுகிற ஐயாமாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலை எங்கே கிடக்கும், வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வலை அவர்களுடைய பிழைப்பு, அதன்மேல் துடுப்புப் போடாதீர்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி மின்னல் சகஜம். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்பது நீங்களும் உங்கள் தடியும்தான். காபன் தடி மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடி கேட்டதுமே தடியைப் படுக்கப் போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் திரும்ப இறங்க வேண்டாம்.

புறப்படுமுன் வீட்டில் ஒருவரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: எங்கே இறங்குகிறேன், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன். தொலைபேசியை நீர்புகாப் பையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள், விசிலை அங்கியில் கட்டுங்கள். ஏற முடியாமல் போனால் கயாக்கை விட்டுவிட்டு நீந்தப் பார்க்க வேண்டாம். தேடி வருகிறவர்களுக்குத் தலையைவிடக் கயாக்தான் தூரத்திலிருந்து தெரியும். சொன்ன நேரம் தாண்டி உங்கள் தொலைபேசியும் எடுபடவில்லை என்றால், வீட்டில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திராமல் 119க்கு அழைத்து நீங்கள் இறங்கிய துறையின் பெயரைச் சொல்ல வேண்டும். காயமென்றால் அம்புலன்ஸுக்கு 1990. கரை ஏறியதும், வலது கையில் மீன் இருந்தாலும், இடது கையால் அந்த வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துவிடுங்கள்.