தகரக் கூரையின் சூடு எப்படி இறங்குகிறது?

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் நடுவில், சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த மத்தியானத்தில் கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது. மீள்குடியேறி வந்த புதிதில் தர்மபுரத்தில் பெரியம்மா தகரக் கொட்டிலில்தான் இருந்தார். பகலில் சமையலும் படுக்கையும் வேப்பமரத்தின் கீழ்தான்.

வன்னியில் இப்போதும் பலர் தகடு வாங்கும்போது இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: கறள் பிடிக்குமா, விலை என்ன? சூடு எப்படி இறங்குகிறது என்றும் கேட்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மத்தியானம் தகரத்தின் கீழ் நின்று ஒரு சுளகைத் தலைக்கு மேலே பிடியுங்கள். உச்சந்தலையில் இருந்த எரிவு உடனே விட்டுப்போகும். சுளகை விலக்கினால் திரும்ப வரும். சுற்றியிருக்கும் காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் அந்த எரிவு காற்றால் வந்ததல்ல. அடுப்புத் தணலைப் போல, தகரம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை நேராக நம் மேல் வீசுகிறது. யன்னலைத் திறந்தாலும் ஃபேன் போட்டாலும் அந்தத் தகிப்பு அடங்காதது இதனால்தான்.

எந்தத் தகட்டுக்கும் இரண்டு குணம் உண்டு. வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பது ஒன்று. ஏறிய சூட்டைக் கதிராக எவ்வளவு வெளியே விடும் என்பது மற்றது. பளபளக்கும் புதுத் தகரம் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பிவிடும். ஆனால் ஏறிய சூட்டை விடாது, தன்னிடமே வைத்துக்கொள்ளும். வெள்ளை பூசிய தகடு இரண்டையும் நன்றாகச் செய்யும். அதனால் பளபளப்பைவிட வெள்ளைதான் குளிர்ச்சி. கறுப்பு, கடும் சிவப்பு, கடும் பச்சை எல்லாம் அழகுதான், ஆனால் நம் வெயிலுக்கு வேண்டாம். பூச்சிலும் கவனம் வேண்டும். 55 வீதம் அலுமினியமும் மீதியில் பெரும்பகுதி நாகமும் (துத்தநாகம்) கலந்த பூச்சு, நாகம் மட்டும் பூசியதைவிட நெடுநாள் கறளைத் தாங்கும்.

தகட்டின் கீழ்ப்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. குசினிக் கூரையை நிமிர்ந்து பாருங்கள், விறகுப் புகை படிந்து கரேலென்று இருக்கும். அந்தக் கரி வெப்பக் கதிரை மிக நன்றாக வீசும். குசினியில் தகிப்பு கூட இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அலுமினியத் தாள் இதற்கு நேரெதிர், கதிரை வீசவே தயங்கும். அதைக் கைமரத்தின் மேல் விரித்து, மேலே சிலாகை (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடித்து, அதன் மேல் தகடு போட வேண்டும். தகட்டுக்கும் தாளுக்கும் இடையில் ஒரு அங்குலமாவது வெளி இருக்கட்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் சூடு நேராகக் கடந்துவிடும், போட்ட காசு வீண். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாள் என்றால் அந்தப் பக்கத்தைக் கீழே பார்க்க விடுங்கள். ஓடாவியார் தலையாட்ட மாட்டார். ஆனால் மேலே பார்த்தால் தூசி படிந்து சில வருடத்தில் பயன் குறைந்துவிடும்.

சரி, காற்றோட்டம் எதற்கு? கதிர் போக மீதிச் சூடு சீலிங்குக்கு மேலே தேங்கும். சூடான காற்று முகட்டுக்கு ஏறும், ஆனால் கீழே நுழைய வழி இல்லாவிட்டால் மேலே வெளியேறாது. முகட்டில் மட்டும் ஓட்டை விட்டுவிட்டுப் பலர் ஏமாறுவது இங்கேதான். தாழ்வாரப் பக்கம் பாதி, முகட்டில் பாதி என்று திறப்பு வேண்டும். 300 சதுர அடி சீலிங்குக்கு மொத்தம் 1 சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. நம் வெயிலுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். அணில், வௌவாலுக்காக வலை அடித்தால் காற்று போகும் இடம் குறையும், அதற்கும் சேர்த்துப் பெரிதாக விடுங்கள். மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், ஆகவே அந்தப் பக்கத் திறப்புக்குச் சாய்பலகை அவசியம்.

மார்கழி, தைப் பனியில் இன்னொரு சங்கதி. மெல்லிய தகடு இரவில் வானத்தைப் பார்த்துச் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் ஈரம் அதன் கீழ்ப்பக்கத்தில் துளிர்த்து, விடியற்காலையில் பாயில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட முன், முதல் நாள் மழை பெய்ததா என்று யோசியுங்கள். அலுமினியத் தாளைச் சுவரோடு வெட்டாமல் தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டிவிட்டால், அந்தத் தண்ணீர் முற்றத்தில் போய் விழும்.