தொட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தால் இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் வருவார்கள். கீழே கூடலூர், லோயர் கேம்ப், உத்தமபாளையம்; மேலே மலையில், கேரளத்துக் குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, நெடுங்கண்டம். ஊசி போட்டு முடித்து, பிள்ளையின் அழுகையை அடக்கி, கதவு வரை போனபின்தான் தாய்மார்களுக்கு முக்கியமான கேள்விகள் ஞாபகம் வரும். "டாக்டர், என்ன தொட்டில் வாங்கலாம்?" என்பது அதில் ஒன்று. ஃபோனில் நாலைந்து படம் சேர்த்து வைத்திருப்பார்கள். விலையைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டும்.

என் பதில் சுருக்கமானது. பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும். படுக்கிற இடம் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பிள்ளையைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடக்கக் கூடாது. இவ்வளவு இருந்தால் தரையில் விரித்த கோரைப்பாய்கூட நல்ல படுக்கைதான். இது இல்லாவிட்டால் தேக்குத் தொட்டில் வாங்கியும் பிரயோஜனமில்லை.

மல்லாந்து என்று சொன்னதுமே வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். கக்கிய பால் புரையேறி மூச்சடைத்துவிடுமே என்ற பயம். அதனால் ஒருக்களித்துப் போட்டு முதுகுக்குத் துணிச்சுருள் முட்டுக் கொடுப்பார்கள், சிலர் குப்புறப் போட்டுத் தட்டித் தூங்கவைப்பார்கள். உடம்பின் அமைப்பு இந்தப் பயத்துக்கு நேர்மாறாக இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்கு அடியிலும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது, பால் அதற்குள் வழிவதுதான் அப்போது சுலபம். ஒருக்களித்துப் போட்ட பிள்ளையோ கொஞ்ச நேரத்தில் உருண்டு குப்புற விழுந்துவிடும். அமெரிக்காவில் 1994-இல் பிள்ளைகளை மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் சிசுக்களின் எண்ணிக்கை அதன்பின் பாதியாகக் குறைந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் வீட்டுக்கு வந்தபின் இதேதான். தானாகப் புரளப் பழகிய பிள்ளையை மல்லாந்து போட்டுவிட்டு, அப்புறம் அது எப்படித் திரும்பிக்கொள்கிறதோ அப்படியே விடலாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். கிராதி வைத்த மரத்தொட்டில், கடைக்காரர்கள் பேபி காட் என்பது, பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். கிராதிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வயதில் பிள்ளையின் உடம்பைவிடத் தலை பெரிது. அகலமான சந்தில் முதலில் கால் போகும், பின்னாலேயே இடுப்பும் நெஞ்சும் வழுக்கிப் போகும், தலை மட்டும் மாட்டிக்கொண்டு கழுத்து தொங்கும். குளிர்பான டின் நுழைகிறதா என்று பார்த்தால் போதும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது குண்டு டின். நம் கடைகளில் இப்போது வருவது பெரும்பாலும் ஒல்லி டின், அதை வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும். ஸ்கேலே போதும்.

அடுத்து மெத்தையின் ஓரம். தொட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் சேர்ந்து இறங்கினால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு உரியதல்ல. பிள்ளையின் முகம் போய்ச் சிக்க அந்தப் பள்ளம் போதும். உயரத்தையும் பாருங்கள். மெத்தையைத் தாங்கும் தட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, மெத்தையும் போட்ட பிறகு, மெத்தையிலிருந்து மேல்கம்பி வரை 50 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சொகுசாக இருக்கட்டும் என்று தடிமனான மெத்தை வாங்கிப் போடுகிறவர்கள் இந்த உயரத்தைத்தான் பறிகொடுக்கிறார்கள். நாலு மூலையிலும் கும்பம் மாதிரிக் கடைசல் வைத்த தொட்டில் படத்துக்கு அழகு, ஆனால் சட்டையோ கழுத்துக் கயிறோ அதில் மாட்டினால் பிள்ளையால் விடுவித்துக்கொள்ள முடியாது.

ஒரு பக்கத்துக் கிராதி மட்டும் மேலும் கீழும் ஏறி இறங்கும் மாடல் ஒன்று உண்டு. குனியாமல் பிள்ளையைத் தூக்கலாம் என்பதால் சிசேரியன் ஆன தாய்மார்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம். கொக்கி தேய்ந்து ஒரு மூலை கழன்றால் கிராதிக்கும் மெத்தைக்கும் நடுவே பை போல இடம் விழும். 2000-க்குப் பிறகு பத்தாண்டுகளில் மட்டும் அமெரிக்காவில் குறைந்தது 32 சிசுக்கள் இப்படி இறந்தன. 2011 ஜூன் 28 முதல் அங்கே இந்த மாடலை விற்கவே கூடாது. இங்கே பழைய தொட்டில்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்கிறவர்களும் நிறைய. மேலே ரப்பர் மரத்தில் சல்லிசாகச் செய்து தருவார்கள். மருந்தேற்றிப் பதப்படுத்திய பலகையா என்று மட்டும் கேளுங்கள், பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். 6 சென்டிமீட்டர் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆசாரி கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் "ரெண்டு விரக்கடை, மூணு விரக்கடை" என்று அவர் கை அளவுக்குப் போய்விடும்.

மெத்தை விஷயத்தில் தேனி மாவட்டத்துக்காரர்களோடு சண்டை போடாமல் முடியாது. போடியில் இலவம்பஞ்சு விளைகிறது, பிள்ளை பிறந்தால் இலவம்பஞ்சு மெத்தைதான். பெரியவர்கள் முதுகுக்கு நானே சிபாரிசு செய்வேன். ஆனால் கைப்பிள்ளைக்குப் பஞ்சு மெத்தை நாளடைவில் நடுவில் குழியும், ஓரங்கள் மேடாகும். குழியில் படுத்த பிள்ளை புரண்டால் மூக்கு மேட்டில் புதையும். உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள், கை பதிந்த தடம் நின்றால் வேண்டாம். தென்னைநாரில் ரப்பர் சேர்த்துச் செய்யும் மெத்தை கெட்டியாக இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. அதன்மேல் இறுக்கமாகச் செருகிய பருத்தி விரிப்பு ஒன்று, தேவையானால் விரிப்புக்கு அடியில் ஈரம் தாங்கும் சீட்டு. அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் வண்டன்மேட்டுப் பக்கமிருந்து ஒரு பாட்டி மகளையும் பேரனையும் கூட்டிவந்தார். தாய்மாமன் வாங்கித்தந்த தொட்டில், பெருமையாக ஃபோனில் காட்டினார். பஞ்சு மெத்தை, இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை, சுற்றிலும் கிராதியை மறைத்துப் பஞ்சு தைத்த துணி, கால்மாட்டில் கரடி பொம்மை, மேலே கம்பளி.

"பெரியம்மா, இதுல பிள்ளை எங்க?"

"இந்தா, நடுவுல மூக்கு தெரியுதுல்ல."

மூக்குதான் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். சுற்றித் தைத்த துணி தலை இடிக்காமல் இருக்க என்று போடுவது. தூக்கத்தில் தலை கிராதியில் இடித்தால் வலிக்கும், அழும், அதோடு சரி. துணியில் முகம் புதைந்தால் அழக்கூட முடியாது. அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே அந்தத் துணியைத் தடைசெய்தார்கள். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், உருட்டுத் தலையணைக்கு மட்டும் விடவில்லை. "வெறுந் தொட்டில்ல போட்டா தூக்கிவாரிப் போட்டு முழிச்சுக்கிறான் டாக்டரம்மா." உண்மைதான். மூன்று, நான்கு மாதம் வரை பிள்ளைகள் திடுக்கிட்டுக் கையை விரிப்பது இயல்பு. படுக்கவைக்கும்போது முதலில் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியாகத் தலை என்று மெதுவாக இறக்கி, நெஞ்சின் மேல் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுக்கச் சொன்னேன். அங்கேயே மேசையில் செய்து காட்டினார். பேரன் முழிக்கவில்லை.

"அப்ப கடுகுத் தலகாணி? அது இல்லாட்டி மண்டை கோணிக்குமே."

கைப்பிள்ளைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம். தலையணை தாடையை நெஞ்சோடு மடக்கிவிடும், பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, மடங்கினால் அடைபடும். கடுகுத் தலையணையில் தையல் விட்டால் கடுகு மூக்குக்கும் காதுக்கும் போகும், அதை எடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க வேறு வழி இருக்கிறது. தொட்டிலில் ஒரு நாள் தலைமாடாக இருந்த பக்கத்தை மறுநாள் கால்மாடாக்குங்கள், வெளிச்சத்தையும் ஆளையும் தேடிப் பிள்ளை எதிர்ப்பக்கம் திரும்பும். முழித்திருக்கும்போது நம் கண் முன்னால் அடிக்கடி குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

இனி சேலைத் தொட்டில். நம் வீடுகளில் அதை ஒழிக்கச் சொல்லி எழுதுவது வீண், நானும் சொல்லப் போவதில்லை. ஆட்டிச் சமாதானப்படுத்த அதைப்போல வேறொன்று கிடையாது. அழுகையை அடக்கத் தொட்டில், ராத்திரித் தூக்கத்துக்குச் சமமான தரை என்று பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். துணி தொங்கும்போது பிள்ளை வில்லாக வளையும், தாடை நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத பிள்ளையால் தலையைத் தூக்கி மூச்சு வாங்க முடியாது. அது சத்தம் போடாது என்பதால் வெளியே இருப்பவர்களுக்கு நன்றாகத் தூங்குகிற மாதிரியே இருக்கும். எனவே தொட்டில் கம்பு கட்டாயம் வையுங்கள், துணி முகத்தின் மேல் மூடிக்கொள்ளாமல் அகல விரிந்து நிற்கும். பருத்திச் சேலையோ வேட்டியோ நல்லது, வழுக்கும் நைலான் சேலை முடிச்சு நழுவும். தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயரம் தேவையில்லை. கூரைக் கொக்கியைப் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். ஸ்பிரிங் மாட்டினால் அதன்மேல் ஒரு துணி உறை போடுங்கள், அக்கா அண்ணன்மார் விரலை விட்டு நசுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் விழாதபடி பக்கத்திலேயே ஒரு கயிறும் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

பெரிய ஆபத்து கைப்பிள்ளைக்கு அல்ல, மூத்ததுக்கு. பிள்ளை இல்லாத நேரத்தில் காலியாகத் தொங்கும் சேலையில் ஐந்து, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் ஏறிச் சுற்றி முறுக்கி விளையாடுகிறார்கள். முறுக்கு கழுத்தில் இறுகி உயிர் போன செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கைப்பிள்ளையை எடுத்ததும் சேலையைச் சுருட்டி மேலே கொக்கியில் போட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர்கள் சிலர் பிள்ளையைக் கூடவே கொண்டுபோய் மரக்கிளையில் தொட்டில் கட்டுகிறார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் வேறு என்ன செய்வார்கள்? அப்படிக் கட்டுவதானால் மருந்தடிக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து காற்றில் பரவும், துணியில் தங்கும். மருந்தடித்தவர் போர்த்திய பழைய சேலையிலோ, மருந்து டப்பா அடுக்கிய ஷெட்டிலோ தொட்டில் கட்டாதீர்கள்.

மோட்டார் வைத்து ஆடும் தொட்டில் பற்றியும் கேட்கிறார்கள். பகலில் சமைக்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் போட்டுவிடுங்கள். சாய்வாகப் படுக்கவைக்கும் எதிலும் பிள்ளை தூங்க வேண்டாம்.

கொசுவலை போட வேண்டும், டெங்கு காலத்தில் அதில் பேரம் கிடையாது. குடை மாதிரி மடக்கும் வலையில் கம்பி நுனி துணியைக் கிழித்து வெளியே நீட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பிள்ளை கையெட்டும் தூரத்தில் வலை தளர்ந்து தொங்கக் கூடாது. கிலுகிலுப்பை தொங்கவிட்டால் கயிறு ஒரு சாணுக்குமேல் வேண்டாம், கையூன்றி எழும்பத் தொடங்கும் ஐந்தாம் மாதத்தில் அதையும் கழற்றிவிடுங்கள். கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிறு, தாயத்து, செயின் எல்லாம் தூங்கும்போது வேண்டாம். இடுப்பில் அரைஞாண் கிடக்கட்டும்.

மலைக் குளிருக்குக் கம்பளி, குல்லா, போர்வை என்று அடுக்குகிறார்கள். நாம் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் பிள்ளைக்குச் சட்டையாகப் போட்டால் போதும். தளர்வான கம்பளி வேண்டாம். கை கால் சில்லென்றிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் வராத மூலையில், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னல் திரையும் ஃபேன் ஒயரும் எட்டாத இடத்தில் தொட்டில் இருக்கட்டும். ஆறு மாதமாவது ஒரே அறையில் தூங்குவது நல்லது. குடித்துவிட்டுப் படுக்கிற ஆளின் பக்கத்தில் மட்டும் பிள்ளையைப் போடவே கூடாது, சொந்த அப்பாவாக இருந்தாலும் சரி.

தாத்தா காலத்துத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கினால் முதலில் பெயின்ட்டைப் பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-இல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளை மேல்கம்பியைக் கடிக்கும், பழைய பெயின்ட் உரிந்து வயிற்றுக்குள் போகும். கர்ப்பமாக இருப்பவர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார வேண்டாம், அந்தத் தூசியும் கெடுதல்தான்.

பிள்ளை உட்காரத் தொடங்கியதும் தொட்டிலின் தட்டை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், பிடித்து நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். உயரம் 90 சென்டிமீட்டரை நெருங்கினாலோ, காலைத் தூக்கி மேல்கம்பியில் போட்டாலோ, அன்றிலிருந்து பாயில் படுக்கட்டும். தொட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் கழற்றிய திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிராதியிலேயே கட்டிக் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும், ஆணி அடித்துச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.