அவனுடைய பெயரை நாம்தான் வெட்டினோம்

பெயர் சொல்லி அழைத்தால் பதில் வருவதில்லை, காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு ஒரு சிறுவனை என்னிடம் அனுப்பினார் வகுப்பாசிரியர். பள்ளி ஆலோசகரான நான் முதலில் எடுத்துப் பார்த்தது அவனுடைய சேர்க்கைப் படிவத்தை. மியான்மரிலிருந்து வந்த அகதிக் குடும்பம். அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே கிடையாது. படிவமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. யாரோ அவன் பெயரை இரண்டாக வெட்டிப் பின்பாதியை அதில் எழுதிவிட்டார்கள். மிஞ்சிய முன்பாதியைச் சொல்லித்தான் வாரக்கணக்கில் அழைத்திருக்கிறோம். அவன் காதில் ஒரு குறையும் இல்லை.

பிறந்த தேதியும் அப்படித்தான். ஆவணங்களை இழந்தவர்களுக்குப் பதிவின்போது ஜனவரி 1 என்று எழுதிவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்தத் தேதியைக் கண்டால், வயதைப் பற்றிக் குடும்பத்தாரிடம் ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மொழியைப் பற்றி. நாட்டின் பெயரைப் பார்த்து மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிடுகிறோம். 2017-இல் மியான்மரிலிருந்து, தனி மொழி பேசும் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களில் ஒரு தாயின் எதிரே பர்மிய மொழி பேசுபவரை உட்கார வைத்தால், தன்னை விரட்டிய ராணுவத்தின் மொழி அவர் காதில் விழக்கூடும். குர்து மொழி என்று எழுதினாலும் போதாது. அதன் ஒரு வடிவமான குர்மாஞ்சியைப் பேசுபவருக்கு மற்றொரு வடிவமான சொரானி எளிதில் புரியாது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், எந்த மொழியில் வாசிப்பீர்கள் என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தாய் தன் இழப்பைச் சொல்லும்போது, அந்தச் சொற்களைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயில் வைக்கிறோம்.

‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்ற குறிப்பைக் கோப்புகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பள்ளி விஷயத்தில் தலையிடாமல் இருப்பதே ஆசிரியருக்குத் தரும் மரியாதை என்று நம்பும் பெற்றோர் பலர். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே பிள்ளை ஏதோ தவறு செய்துவிட்டான் என்று நடுங்குபவர்களும் உண்டு. முதல் அழைப்பு நல்ல செய்தி சொல்வதற்காக இருக்கட்டும். தலைகுனிந்து நிற்கும் பிள்ளையிடம் ‘என் கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று அதட்ட வேண்டாம். பெரியவர்முன் அப்படி நிற்கத்தான் வீட்டில் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

இதையெல்லாம் பட்டியலாக மனப்பாடம் செய்துகொண்டாலும் ஆபத்துதான். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இரு குடும்பங்களில் ஒன்று காபூலில் மருத்துவமனை நடத்தியதாக இருக்கலாம். மற்றொன்று பள்ளியே இல்லாத மலைக்கிராமத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். எந்தக் கையேட்டையும்விட அந்தத் தாய் தந்தையின் பதிலையே நான் நம்புகிறேன்.

அந்தச் சிறுவனின் தாயை வரவழைத்தோம். மகனின் முழுப்பெயரை அவர் மூன்று முறை நிதானமாகச் சொன்னார். ஆசிரியர் கூடவே சொல்லிப் பழகினார். மறுநாள் வருகைப் பதிவில் அந்தப் பெயர் ஒலித்ததும் பையன் எழுந்து நின்றான்.