என்விரான்மென்டல் ரேசிசம்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

சுரங்கம், குப்பைமேடு, விஷக்கழிவு புதைக்கிற குழி, இதெல்லாம் எந்த ஊர்ல வருதுன்னு பாருங்க, நிறத்தாலயும் இனத்தாலயும் யாரோட பேச்சு எடுபடாதோ அவங்க வாசல்லதான் வந்து நிக்கும், லாபம் மட்டும் வேற ஊருக்குப் போயிடும். இந்த அநியாயத்துக்கு வச்ச பேருதான் என்விரான்மென்டல் ரேசிசம்.

சொல் பொறந்தது அமெரிக்காவுல. 1978ல நார்த் கரோலினாவுல பிசிபிங்கிற விஷம் கலந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைத் திருட்டுத்தனமா ரோட்டோரமா ஊத்திட்டுப் போயிட்டாங்க. அந்த மண்ணை அள்ளிப் புதைக்க அரசாங்கம் பார்த்த இடம் அதே மாநிலத்துல வாரன் கவுண்டிங்கிற மாவட்டம், கறுப்பின மக்கள் அதிகம், ஏழைங்க, நிலத்தடித் தண்ணியும் அங்க ரொம்ப ஆழத்துல இல்ல. 1982ல லாரிங்க வந்தப்போ ஜனங்க ரோட்டுல படுத்து மறிச்சாங்க, 500 பேருக்கு மேல கைது. அந்தப் போராட்டத்துல இருந்த பெஞ்சமின் சாவிஸ்தான் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். 1987ல வந்த சர்ச் அமைப்பு ஒண்ணோட ஆய்வு, கழிவுக்கிடங்கு எங்க அமையுதுங்கிறதுல வருமானத்தை விட இனம்தான் பெரிய காரணம்னு கணக்கு போட்டே காட்டிடுச்சு.

தமிழ்ல "சூழல் இனவெறி"ன்னு எழுதுறாங்க. வெறின்னதும் யாரோ ஆத்திரத்துல அடிக்கிற மாதிரி தோணுது, ஆனா இங்க நடக்கிறது மேப்பை விரிச்சு வச்சு நிதானமா போடுற கையெழுத்து. அதனால "சூழல் இன ஒதுக்கல்"தான் சரின்னு எனக்குப் படுது, நிலத்தை கம்பெனிக்கு ஒதுக்குறதும் ஆளை ஊரை விட்டு ஒதுக்குறதும் நமக்கு ஒரே வினைச்சொல்தானே.

காலனியம் கழிஞ்ச நாடுகளோட நாவல்கள்ல இதைக் கண்ணால பார்க்கலாம். ஆஸ்திரேலியாவுல வான்யி பழங்குடியைச் சேர்ந்த அலெக்சிஸ் ரைட் 2006ல எழுதின 'கார்பென்டாரியா'வுல பூர்வகுடிங்க இருக்கிறது ஊருக்கு வெளிய, குப்பைமேட்டை ஒட்டி. ஏஞ்சல் டேங்கிற பொம்பளை அந்தக் குப்பையில பொறுக்கின தகரத்தையும் பலகையையும் வச்சே வீடு கட்டுறா, அந்தக் குப்பைக்காக சொந்த ஜனங்களே அடிச்சுக்கிட்டு ரெண்டா பிரிஞ்சு போறாங்க, இன்னொரு பக்கம் அவங்க மூதாதையர் மண்ணை பன்னாட்டு சுரங்க கம்பெனி தோண்டிக்கிட்டு இருக்கு, அதை எதிர்த்து நிக்கிறது அவளோட மகன் வில்.

நம்ம நாட்டுக்குள்ளயே ஜார்கண்ட் ஜாதுகோடாவுல 1967ல இருந்து யுரேனியம் எடுக்குறாங்க, கழிவுக் குட்டை சந்தால், ஹோ பழங்குடி மக்களோட கிராமத்துப் பக்கத்துல. இதை வச்சு மஹுவா மாஜிங்கிற எழுத்தாளர் இந்தியில நாவலே எழுதியிருக்காங்க. இங்க இனம்ங்கிற இடத்துல பழங்குடின்னும் சாதின்னும் போட்டுக்கணும்.