மூன்று லட்சத்துக்கு மேல் யார் கட்டுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலரிடம் வங்கிகள் சங்க ஏற்பாட்டில் வந்த குரூப் மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கும். 2015இல் அது தொடங்கியபோது அதிகாரிக்கு 4 லட்சம், கிளார்க்குக்கு 3 லட்சம். இன்று மதுரைக்குப் போய் ஒரு பெரிய ஆபரேஷன், நாலு நாள் ஐசியூ என்றால் அந்தத் தொகை பாதியிலேயே தீர்ந்துவிடலாம். அப்புறம் டெபாசிட்டை உடைக்க வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட வேண்டும். பைசா சுத்தமாக ஐந்தொகை போட்ட ஊர்க்காரர்கள், ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் ஏனோ வந்தபின் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் புதிதாக 10 லட்சத்துக்கு ஒரு முழு பாலிசி கேட்பார்கள். 65 வயதில் அதற்கான பிரீமியத்தைச் சொன்னதும் முகம் மாறும். பெரும்பாலும் அவர்களுக்குச் சூப்பர் டாப்-அப் போதும். முதல் 3 லட்சம் உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் போவது கம்பெனி பொறுப்பு. அந்த 3 லட்சத்தை 'டிடக்டிபிள்' என்பார்கள். அதைக் குரூப் பாலிசி கட்டினாலும் சரி, உங்கள் கைக்காசானாலும் சரி. சிறு கிளெய்ம் எல்லாம் கம்பெனிக்கு வராது என்பதால் பிரீமியம் நன்றாகக் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

வெறும் டாப்-அப் என்றும் ஒன்று விற்கிறார்கள். அது வேறு. ஒரே வருடத்தில் இரண்டு முறை அட்மிட் ஆகி, ஒவ்வொரு முறையும் இரண்டரை லட்சம் செலவு என்று வையுங்கள். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். எதுவும் 3 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் வருடத்துச் செலவைக் கூட்டும். 5 லட்சத்தில் 3 போக, 2 லட்சம் வரும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் காத்திருப்புக் காலம். குரூப் பாலிசியில் பழைய நோய்க்கும் பணம் கிடைத்திருக்கும். சூப்பர் டாப்-அப் புது பாலிசி; ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு 36 மாதம் வரை காக்க வைக்கலாம். அதனால் 60ஆம் சாந்திக்கு நாள் பார்ப்பதற்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. சர்க்கரையை மறைக்கவும் வேண்டாம். "மாத்திரைதானே தம்பி போடுறேன், இதெல்லாம் ஒரு நோயா?" என்று கேட்கிற ஆச்சிகளிடம் நான் விண்ணப்பத்தில் எழுதிய பிறகுதான் கையெழுத்து வாங்குவேன். 60 மாதம் தொடர்ந்து கட்டியபின், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன்னால் மறுக்கலாம்.

ரூம் வாடகை வரம்பையும் பாருங்கள். வரம்பு 5,000 இருக்க 10,000 ரூபாய் ரூம் எடுத்தால், வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் பாதியாக வெட்டுப்படலாம். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைச் செலவில் அப்படி வெட்டக்கூடாது, வெட்டினால் கேளுங்கள்.

அட்மிட் ஆகும்போதே இரண்டு கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். அசல் பில்கள் முதல் கம்பெனிக்குப் போய்விடும் என்பதால், சான்றிட்ட நகல்களையும் அவர்கள் தரும் செட்டில்மென்ட் கடிதத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். சூப்பர் டாப்-அப் கிளெய்முக்கு முதலில் கேட்பது அவற்றைத்தான்.