உச்சியில் நிற்கும் துணைக்கோளமும் ஊர்சுற்றும் வீடும்

பினாங்கில், தெலுக் பஹாங் கடற்கரையோரம் மச்சான் தன் மோட்டார்ஹோமை நிறுத்தியபோது மணி ஆறரை. ஏழு மணித் தொடருக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். முக்காலியை விரித்து, 65 சென்டிமீட்டர் டிஷ்ஷை மாட்டி, கேபிளைச் செருகினோம். முதல் நாள் இரவு கோலாலம்பூரில், செந்தூல் வீட்டு வாசலில் இதே டிஷ், இதே டிகோடர், பளிச்சென்று படம். மச்சான் கெட்டிக்காரர். டிஷ் எவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற ஏற்றக்கோணத்தை மார்க்கர் பேனாவால் தட்டின் பின்புறம் குறித்துவைத்திருந்தார், திசையைக் கைப்பேசியில் எழுதிவைத்திருந்தார். அதே குறி, அதே திசை. ஆனால் திரையில் சிக்னல் கோடு அசையவே இல்லை.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார், டிஷ்ஷிடமே கேட்பது போல.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு நெடுஞ்சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். துணைக்கோளமோ நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்துக்கு முன்னால் 350 எந்த மூலைக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

மலேசியாவின் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் ஒளிபரப்பைச் சுமக்கும் மியாசாட் துணைக்கோளங்கள் கிழக்கு 91.5 டிகிரி தீர்க்கரேகைக்கு நேர் மேலே இருக்கின்றன. 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து போன முதல் மியாசாட்டுக்கும் இதே இடம்தான். அதற்குப் பதிலாகப் பின்னால் வந்தவையும் இங்கேயே வந்து நின்றதால்தான் பழைய கூரை டிஷ்களை யாரும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. இவை பூமியை ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது, பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அதே நேரம். அதனால் நம் கண்ணுக்கு அவை அசையாமல் நிற்பவை.

கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அந்த இடம் தொடுவானத்திலிருந்து சுமார் 77.4 டிகிரி உயரம். பினாங்கிலிருந்து 77.9. அரை டிகிரி வித்தியாசம், விட்டுத்தள்ளலாம். திசைதான் ஏமாற்றுகிறது. வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் கோலாலம்பூரில் 253 டிகிரி, பினாங்கில் 239. பதினான்கு டிகிரி நகர்ந்துவிட்டது!

தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் நின்று விளக்கை அண்ணாந்து பாருங்கள். இரண்டு எட்டு நகர்ந்தாலே விளக்கு வேறு பக்கம் போய்விடும். தெருக்கோடியில் நின்று பார்த்தால் பத்து எட்டு நகர்ந்தாலும் அது அதே பக்கம்தான். நாம் கம்பத்தடியில் வாழ்கிறவர்கள். நம் துணைக்கோளம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது.

அந்தப் பதினான்கு டிகிரியும் அப்படியே வானத்தில் பதினான்கு டிகிரி ஆகிவிடாது. உச்சிக்கு அருகே திசைக்கோடுகள் எல்லாம் குடைக்கம்பிகள் மாதிரி நெருங்கி வருகின்றன. உண்மையில் டிஷ் விலகி நின்றது 3 டிகிரிதான். ஆனால் 65 சென்டிமீட்டர் தட்டு, 12 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பார்க்கும் அகலம் மொத்தமே 2.7 டிகிரி. நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒன்றரை டிகிரிகூட இல்லை. மூன்று டிகிரி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த தட்டுக்கு எதுவும் தெரியாததில் ஆச்சரியமில்லை.

இதிலிருந்து முக்காலி வாங்குகிறவர்களுக்கு உதவுகிற ஒரு கணக்கு வருகிறது. லண்டனில் ஒருவர் ஏறக்குறைய 25 டிகிரி உயரத்தில் இருக்கும் துணைக்கோளத்தைத் தேடும்போது காம்பஸில் 5 டிகிரி பிசகினால் வானத்தில் நான்கரை டிகிரி பிசகும், படம் வராது. நமக்கு அதே பிசகு 1.1 டிகிரி மட்டும்தான், கோடு கொஞ்சம் குறைந்தாலும் படம் நிற்கும். ஆகவே காம்பஸைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டாம். அது வண்டியின் இரும்பு உடம்புக்குப் பக்கத்தில் பொய் சொல்லும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, நான்கு எட்டு தள்ளி நின்று பாருங்கள். அதற்குப் பதில் நமக்கு முக்காலியின் மட்டம் முக்கியம். மணலில் ஒரு கால் புதைந்து 2 டிகிரி சாய்ந்தால், அந்த 2 டிகிரியும் தள்ளுபடி இல்லாமல் அப்படியே பிழையாகிவிடும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்று, விலை உயர்ந்த சிக்னல் மீட்டரைவிட இங்கே உதவும் என்பது என் எண்ணம்.

"77 டிகிரி என்கிறீர்கள், ஆனால் டிஷ் பக்கத்து வீட்டுக் கூரையைத்தானே பார்க்கிறது?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. நம் வீட்டு டிஷ் ஒரு முழுப் பரவளையக் கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டு. அதனால் அலை வந்து சேரும் குவியம் நடுவில் விழாமல் கீழ்ப்பக்கம் விழுகிறது, அங்கே அலையை வாங்கிக்கொள்ளும் சின்னக் கருவியான எல்என்பியைத் தாங்கும் கை கீழேயிருந்து நீள்கிறது. தட்டின் முகம் பார்ப்பதைவிட ஏறக்குறைய 25 டிகிரி மேலேயிருந்துதான் அலை வருகிறது. இல்லாவிட்டால் நம் ஊர் டிஷ் ஒவ்வொன்றும் மல்லாந்து கிடந்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்.

சரி, டிஷ்ஷைத் திருப்பினோம், கோடு எழுந்தது. ஆனாலும் செந்தூலில் பார்த்த அளவுக்கு எழவில்லை. மீதிக்குக் காரணம் எல்என்பியின் திருகல்.

துணைக்கோளம் அனுப்பும் அலை ஒரே தளத்தில் அதிர்கிறது. எல்என்பியின் வாய்க்குள் ஊசி போல ஒரு கம்பி இருக்கும். அலை அதிரும் தளமும் அந்த ஊசியும் இணையாக இருந்தால்தான் முழுச் சக்தியும் கிடைக்கும். துணைக்கோளத்துக்கு 'மேல்' என்பது வடக்கு. லண்டன்காரர் தெற்கே பார்த்து நிற்பதால் அதன் மேலும் அவருடைய மேலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நாம் கோலாலம்பூரில் ஏறத்தாழ மேற்கே பார்த்து நிற்கிறோம், வடக்கு நமக்கு வலக்கைப் பக்கம். அதாவது துணைக்கோளம் 'நிமிர்த்தி' அனுப்பிய அலை நம்மிடம் படுத்துக்கொண்டு வருகிறது. கணக்குப்படி கோலாலம்பூரில் 73 டிகிரி, பினாங்கில் 58 டிகிரி சாய்வு. வெளிநாட்டுக் கையேட்டை நம்பி எல்என்பியை நேராக மாட்டினால், கோலாலம்பூரில் பன்னிரண்டில் ஒரு பங்குச் சக்திதான் கிடைக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான 15 டிகிரி வித்தியாசம் அவ்வளவு கொடுமையில்லை. சக்தியில் ஆறேழு சதவீதம் குறையும், ஆனால் குறுக்குத் தளத்தில் வரும் வேறு அலை கொஞ்சம் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்கும். மச்சான் எல்என்பியின் கழுத்தைப் பழைய வானொலியில் நிலையம் தேடுவது போல மெல்லத் திருகினார். நான் வண்டிக்குள்ளிருந்து "இன்னும், இன்னும், போதும், போதும், திரும்பி வா" என்று கத்தினேன். ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது படம் வந்தது.

முக்காலிக்கு முன்பு அவரிடம் ஒரு குவிமாட ஆன்டெனா இருந்தது. கூரைமேல் கவிழ்த்த வெள்ளைக் குடம் போல ஒன்று, உள்ளே சின்ன டிஷ்ஷும் இரண்டு மோட்டார்களும். பொத்தானை அழுத்தினால் தானே தேடிப் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அமெரிக்காவில் ஓடிய மோட்டார்ஹோமிலிருந்து கழற்றியது. கோலாலம்பூரில் அது முக்கால் மணி நேரம் உறுமிவிட்டு ஓய்ந்தது. பழுதாகியிருக்கும் என்று அவர் முடிவு கட்டினார். பழுதே இல்லாமல் இருந்திருக்கலாம். அமெரிக்காவின் பெரிய துணைக்கோளத் தொலைக்காட்சி நிறுவனங்கள் வட்டமாகச் சுழலும் அலையை அனுப்புகின்றன, அதற்கான எல்என்பியில் திருகல் என்ற பேச்சே இல்லை. நம் அலை நேர்கோட்டில் அதிர்வது. அந்த எல்என்பி இதில் பாதியை வீணாக்கிவிடும், இரண்டு தளங்களையும் பிரித்தறியவும் முடியாது. போதாக்குறைக்கு, அதன் நினைவில் இருக்கும் துணைக்கோளப் பட்டியலில் 91.5 இருந்தால்தானே தேடும்?

இன்னொரு சிக்கல் உச்சிக்கே உரியது. குவிமாடத்தின் மோட்டார்களில் ஒன்று டிஷ்ஷைச் சுற்றும், மற்றொன்று ஏற்றி இறக்கும். துணைக்கோளம் உச்சியை நெருங்க நெருங்கச் சுற்றும் மோட்டாரின் பாடு திண்டாட்டம். அதன் அச்சே வானத்தின் உச்சியைக் குத்தி நிற்கிறது. அச்சுக்கு அருகே உள்ள பொருள் கொஞ்சம் நகர்ந்தாலும் மோட்டார் பெரிய சுற்று சுற்றியாக வேண்டும். நம் துணைக்கோளத்துக்கும் உச்சிக்கும் நடுவே மீதி 13 டிகிரிதான். சாய்வான பாதையில் வண்டி 5 டிகிரி சாய்ந்தால் அது எட்டாகவும் குறையலாம். நிறுத்தி வைத்துப் பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை. ஓடும்போதே பின்தொடரும் வகை வாங்க நினைப்பவர், விளம்பரத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஏற்றக்கோண வரம்பு 80 டிகிரிக்கு மேல் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், திருகலைத் தானே சரிசெய்யுமா என்பதை.

குவிமாடத்துக்குள் இடம் குறைவு, டிஷ்ஷும் சிறியது. 45 சென்டிமீட்டர் தட்டுக்கு 65 சென்டிமீட்டர் தட்டின் பரப்பில் பாதிகூட இல்லை, சேரும் சக்தியும் அந்த அளவுக்குத்தான். வெயில் நாளில் இது தெரியாது. மழை நாளில் தெரியும்.

12 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். இடிமழைத் துளிகள் சில மில்லிமீட்டர் பருமன் கொண்டவை. அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு என்பதால் அவை அலையைக் கொஞ்சம் உறிஞ்சுகின்றன, கொஞ்சம் சிதறடிக்கின்றன. குவிமாடமாக இருந்தால் அதன்மேல் வழியும் நீர்ப்படலம் வேறு இன்னொரு திரை போடும். இந்த விஷயத்தில் உச்சித் துணைக்கோளம் நமக்குச் செய்யும் உபகாரம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் மேகத்துக்குள் நீர் திரவமாக இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரம்வரை. 77 டிகிரியில் வரும் அலை அந்தப் படலத்தை ஏறக்குறைய நேராகத் துளைத்து 5 கிலோமீட்டரில் கடந்துவிடுகிறது. 30 டிகிரியில் வந்திருந்தால் 10 கிலோமீட்டர் மழைக்குள் நீந்த வேண்டியிருக்கும். ஆனாலும் நம் மழை மழைதான். சாயங்காலம் கருத்துக்கொண்டு வரும் இடிமழையை எந்தச் சிறிய தட்டும் முழுதாகத் தாங்காது. பெரிய தட்டு வைத்தால் படம் பிறகு போகும், முன்பே திரும்பி வரும், அவ்வளவுதான்.

மரநிழல்தான் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. 77 டிகிரியில் பார்க்கும் டிஷ்ஷுக்கு பத்து மீட்டர் மரம்கூட இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருந்தால் தடையில்லை. அடுக்குமாடிகளுக்கு இடையிலும் படம் வருவது இதனால்தான். ஆனால் மரத்துக்கு அடியிலேயே நின்றால் தீர்ந்தது கதை, ஈர இலை அலையை நன்றாக விழுங்கும். வண்டியை நிழலில் நிறுத்தாவிட்டால் மத்தியான வெயிலில் உள்ளே உட்கார முடியாது. கூரையில் டிஷ்ஷை நிரந்தரமாகப் பொருத்தியவர் நிழலா, நாடகமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்காலிக்காரர் வண்டியை நிழலிலும் டிஷ்ஷை வெட்டவெளியிலும் வைத்துக்கொள்ளலாம். எல்என்பி உள்ளேயே அலையைப் பெருக்கி, கேபிள் தாங்கக்கூடிய 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித்தான் அனுப்புகிறது. அதனால் பதினைந்து மீட்டர் கேபிள் ஒரு பொருட்டே அல்ல. நானாக இருந்தால் நம் நாட்டுக்கு முக்காலியைத்தான் எடுப்பேன். தினம் ஓர் ஊர், இரவில் இறங்கவே முடியாத மழை என்று பயணம் செய்பவர் மட்டும் குவிமாடத்துக்குக் காசு செலவழிக்கலாம்.

போன மார்ச்சில் போர்ட்டிக்சனில் நின்றிருந்தோம். 19-ஆம் தேதி, மதியம் இரண்டு மணி தாண்டி சில நிமிடம். ஒரு பொட்டு மேகமில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்து போய்விட்டது. மச்சான் மட்டம் பார்க்க ஓடினார், அம்மா கேபிளைச் சந்தேகப்பட்டார். நான் டிஷ்ஷுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தட்டில் பட்ட வெயில் மங்கலான வெளிச்சமாகத் திரண்டு எல்என்பியின் மூக்கில் விழுந்திருந்தது. தட்டுக்கு மினுமினுப்பில்லாத சாம்பல் பெயிண்ட் அடிப்பதே அந்த மூக்கு வெந்துவிடக் கூடாது என்றுதான். மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் சில நாள்கள், இரண்டு மணி வாக்கில், சூரியன் சரியாகத் துணைக்கோளத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சூரியனின் சொந்த வானொலி இரைச்சல் அதன் குரலை மூடிவிடுகிறது.

"கைவைக்காதீங்க மச்சான், டிஷ் சரியாத்தான் நிக்குது" என்றேன். சில நிமிடங்களில் படம் திரும்பி வந்தது.